போரில் விடும் மழைத்தண்ணீர் பக்கத்துப் போருக்குப் போகிறதா? உப்பும் சாயமும் வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். செல்லம்பட்டிப் பக்கம் புஞ்சையில் 600 அடி போர். மோட்டார் போட்டால் அரை மணி நேரத்தில் காற்று வாங்கிவிடுகிறது. இரண்டு மழைக்காலமாக வடிகட்டித் தொட்டி கட்டி ஓடைத் தண்ணீரை அதற்குள் விடுகிறீர்கள். உங்கள் போர் தேறவில்லை. ஆனால் கிழக்கே 150 மீட்டர் தள்ளி இருக்கும் சித்தப்பா மகனின் போர் முன்பு இரண்டு மணி நேரம் ஓடியது, இப்போது ஆறு மணி நேரம் ஓடுகிறது. "நான் விடுகிற தண்ணீர்தான் அங்கே போகிறதா? பூமிவெப்ப மின்நிலையங்களில் ரசாயனத்தைக் கலந்து விட்டு, நிலத்தடியில் தண்ணீர் போகும் பாதையையே கண்டுபிடிக்கிறார்களாம். அதேபோல் சாயப்பொடி போட்டுப் பார்க்கலாமா? எந்தப் பொடி, எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டு போருக்கும் நடுவே தண்ணீர் போகும் பாதை இருக்கிறதா என்பது ஒன்று. நான் விட்டதில் எத்தனை பங்கு அங்கே போகிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ட்ரேசர் சோதனை, அதாவது தண்ணீரோடு போய் அதன் தடத்தைக் காட்டும் பொருளைக் கலந்து பார்க்கும் சோதனை, நல்ல பதில் தரும், அதுவும் "இருக்கிறது" என்று வந்தால் மட்டும். ஒன்றும் வரவில்லை என்றால் பாதை இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரண்டாவது கேள்விக்குத் தினமும் அளந்து கணக்கு வைக்க வேண்டும், அப்போதும் கிடைப்பது அந்த நாட்களுக்கான பதில்தான். பங்காளியிடம் இதை வைத்துப் பேசலாமா என்ற மூன்றாவது கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, நானும் அதற்குள் போகவில்லை. ஆனால் சோதனையே அவர் மோட்டாரில் தண்ணீர் பிடித்துத்தான் செய்ய வேண்டும் என்பதால், அவர் சம்மதம் இல்லாமல் முதல் அடியே எடுத்து வைக்க முடியாது.

பூமிவெப்பத் தளங்களில் நடப்பது இது. ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், 200 முதல் 300 டிகிரி சூட்டில் பாறை வெடிப்புகளுக்குள் தண்ணீர் இருக்கும். அதை மேலே எடுத்து, பிரியும் நீராவியில் டர்பைனைச் சுற்றிவிட்டு, ஆறிய தண்ணீரை வேறு கிணறுகள் வழியாகத் திரும்ப உள்ளே விடுவார்கள். விடாவிட்டால் உள்ளே அழுத்தம் குறையும். தவறான இடத்தில் விட்டால் ஆறிய தண்ணீர் குறுக்கு வழியில் ஓடி உற்பத்திக் கிணற்றைக் குளிர வைத்துவிடும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் ட்ரேசர். ட்ரேசர் தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும். குளிர்ச்சி அப்படிப் போகாது, வழியில் உள்ள சூடான பாறை அந்தத் தண்ணீரைச் சூடேற்றிக்கொண்டே இருக்கும். ஒரு கனமீட்டர் பாறையில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் என்று வையுங்கள். அந்த 100 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற சுமார் 0.42 மெகாஜூல் வேண்டும், பாறைக்குச் சுமார் 2.2 வேண்டும். இரண்டையும் கூட்டித் தண்ணீரின் பங்கால் வகுத்தால் ஏறத்தாழ 6 வரும். அதாவது, தண்ணீர் பாறை முழுக்கப் பரவிப் போனால், ட்ரேசர் இரண்டு மாதத்தில் வரும் இடத்துக்குக் குளிர்ச்சி வர ஒரு வருடம் ஆகும். ஒரே ஒரு அகலமான வெடிப்பு வழியாக ஓடினால் இந்த அவகாசம் மிகவும் குறைந்துவிடும், ஏனென்றால் தண்ணீர் தொட்டுக்கொண்டு போகும் பாறைப் பரப்பு குறைவு.

அங்கே பயன்படுத்தும் ரசாயனங்களில் முக்கியமானவை நாஃப்தலீன் சல்ஃபோனேட் வகைகள். இயற்கையில் கிடையாது, 300 டிகிரியிலும் தாக்குப்பிடிக்கும், எதிர்மின் தன்மை இருப்பதால் அதே தன்மையுள்ள பாறைப் பரப்பில் ஒட்டாது, நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலும் கருவி காட்டிக்கொடுக்கும். இந்தக் குடும்பத்தில் ஏழெட்டுப் பேர் உண்டு. ஒவ்வொரு உள்விடும் கிணற்றிலும் ஒவ்வொன்றைப் போட்டால், உற்பத்திக் கிணற்றில் வருவது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று தனித்தனியே பிரித்துச் சொல்லலாம். ஃப்ளூரசின் என்ற பச்சைச் சாயத்தையும் போடுவார்கள், ஆனால் 250 டிகிரிக்கு மேல் அது சிதைய ஆரம்பிக்கும். கலிபோர்னியாவின் கீஸர்ஸ் தளத்தில் கிணறுகளில் வருவது வெறும் நீராவிதான். அங்கே சாயம் போட்டால் அது அடியிலேயே தங்கிவிடும். அதனால் ஃபிரிட்ஜில் போடும் ஆர்-134ஏ போன்ற வாயுக்களையும், டிரிடியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் கலந்த தண்ணீரையும் பயன்படுத்தினார்கள். உங்கள் கதைக்குப் பக்கத்தில் வருவதும் அந்த கீஸர்ஸ்தான். அதிகமாக உறிஞ்சி நீராவி குறைந்துபோன தளத்துக்கு 1997-ல் லேக் கவுண்டியிலிருந்தும், 2003-ல் சாண்டா ரோசா நகரத்திலிருந்தும் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொண்டுவந்து உள்ளே விட்டார்கள். விட்ட தண்ணீர் எந்தக் கிணற்றுக்கு நீராவியாகத் திரும்புகிறது என்பது அங்கே பெரிய பணக் கேள்வி.

இதில் உங்களுக்குப் பொருந்துவது ஒன்றுதான். மதுரை மேற்குப் பகுதியில் அடியில் இருப்பதும் கெட்டிப் பாறை, சார்னோகைட்டும் நைஸும். மேலே சிதைந்த பாறை, அதற்குக் கீழே அங்கங்கே வெடிப்பு. ரிக் வண்டிக்காரர் "350 அடியில் ஊத்து" என்று சொன்னது அப்படி ஒரு வெடிப்பைத்தான். வெப்பம் இங்கே பிரச்சினையே இல்லை. 600 அடி இறங்கினால் மூன்று நான்கு டிகிரி கூடும், அவ்வளவுதான். எனவே விலையுயர்ந்த சல்ஃபோனேட் தேவையில்லை. கடைகளில் மூட்டையாகக் கிடைக்கும் உப்பே போதும்.

உப்புக்கு முன்னால் அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடிய இரண்டு வேலைகள் இருக்கின்றன. பாதிப் பேர் இவற்றைச் செய்யாமல் நேராகச் சாயத்துக்குத் தாவிவிடுகிறார்கள். முதலாவது, உங்கள் போர் எவ்வளவு தண்ணீர் வாங்குகிறது என்று பார்ப்பது. 6,000 லிட்டர் லாரித் தண்ணீரை ஒரே மூச்சில் விட்டு, நூலில் கட்டிய எடையை இறக்கி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மட்டத்தை அளங்கள். ஆறரை அங்குலப் போரில் ஒரு அடிக்குச் சுமார் 6.5 லிட்டர் பிடிக்கும். மட்டம் 200 அடியில் இருந்தால், காலியாக இருக்கும் மேல் பகுதிக்கே 1,300 லிட்டர் வேண்டும். மீதி உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் மட்டம் பழைய இடத்துக்கு வந்துவிட்டால் போர் நல்ல வெடிப்பைத் தொட்டிருக்கிறது. மறுநாளும் பாதியில் நின்றால், மழைக்காலம் முழுக்க நீங்கள் விட்டதில் பெரும்பகுதி உள்ளேயே போகவில்லை, வடிகட்டித் தொட்டியில் வழிந்து ஓடையோடு போயிருக்கிறது. அப்படியென்றால் பங்காளி போர் தேறியதற்குக் காரணத்தை வேறு எங்காவது தேட வேண்டும். 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வந்து பக்கத்துக் கண்மாய் நிறைந்ததா, கிழக்கே யாராவது வெள்ளாமையை விட்டு மோட்டாரை நிறுத்தினார்களா என்று.

இரண்டாவது, அழுத்தச் சோதனை. அவர் மோட்டாரை ஒரு நாள் நிறுத்தி வைக்கச் சொல்லி, இரண்டு போரிலும் மட்டம் நிலையான பிறகு, அவருடையதை ஓட்டுங்கள். உங்கள் போரில் மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். வெடிப்பு வழியாக நேரடித் தொடர்பு இருந்தால் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் தெரியும். ஆனால் இங்கே ஒரு பெரிய குழப்பம் வருவதுண்டு. மட்டம் இறங்குவது அழுத்தம் போய்ச் சேர்ந்ததைக் காட்டுகிறது, தண்ணீர் போய்ச் சேர்ந்ததைக் காட்டவில்லை. தண்ணீர் நிறைந்த நீண்ட ஹோஸில் இந்த முனையில் குழாயைத் திறந்தால் அந்த முனையில் உடனே தண்ணீர் கொட்டும், ஆனால் கொட்டுவது ஹோஸில் முன்பே கிடந்த தண்ணீர். நீங்கள் கேட்பது உங்கள் தண்ணீரைப் பற்றி என்பதால், இந்தச் சோதனை அனுகூலமாக வந்தாலும் ட்ரேசர் தேவைப்படும். இது சுத்தமாக ஒன்றும் காட்டாவிட்டால் ட்ரேசருக்குச் செலவு செய்யாதீர்கள்.

இலவச ட்ரேசர் ஒன்றும் உங்கள் கையில் இருக்கிறது, தண்ணீரின் மின்கடத்துதிறன். கரைந்த உப்பு கூடக் கூட அதுவும் கூடும். ஓடைத் தண்ணீரின் மின்கடத்துதிறன் பெரும்பாலும் 100 முதல் 300 மைக்ரோசீமன்ஸ். இந்தப் பகுதிப் போர்த் தண்ணீர் ஆயிரத்துக்கு மேல்தான் இருக்கும், 2,000 தாண்டுவதும் சாதாரணம். ஐப்பசி முதல் மார்கழி வரை நீங்கள் தண்ணீர் விடும்போது அவர் போரில் எண் இறங்குகிறதா என்று வாரம் இருமுறை அளங்கள். ஆர்.ஓ. மெஷின்காரர்கள் வைத்திருக்கும் பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர் போதும், அது மின்கடத்துதிறனை அளந்து ஏறத்தாழ பாதியாக்கிக் காட்டும். மூன்றாவதாக ஒரு போர், உங்கள் இரண்டு போரும் இருக்கும் கோட்டிலிருந்து விலகி இருப்பது, கட்டாயம் வேண்டும். மழை பெய்தால் எல்லாப் போரிலும் எண் இறங்கும். மூன்றாவதை விட அவருடையது தெளிவாக அதிகம் இறங்கினால்தான் அதற்கு அர்த்தம்.

இனி உப்பு. எவ்வளவு போடுவது என்பதைக் குத்துமதிப்பாகத் தீர்மானிக்கக் கூடாது, பாதையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கணக்குப் போட வேண்டும். அவர் மோட்டார் வினாடிக்கு ஒரு லிட்டர் வீதம் தினம் ஆறு மணி நேரம் ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டால், நாளுக்கு 21.6 கனமீட்டர். 150 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில், எல்லாம் சேர்ந்து 2 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள ஒரு வெடிப்புத் தளம் இருந்தால், அதில் நிற்கும் தண்ணீர் சுமார் 140 கனமீட்டர். அவர் மோட்டார் அதை இழுத்து முடிக்க ஆறேழு நாள் ஆகும். அதுவே, தண்ணீர் வெடிப்பில் போகாமல் மேலே உள்ள சிதைந்த பாறை வழியாகப் போகிறது என்று வையுங்கள். 10 மீட்டர் கனம், 2 சதவீத இடைவெளி என்றால் அதே வட்டத்தில் 14,000 கனமீட்டர். கிட்டத்தட்ட 650 நாள். இரண்டு கணக்கும் உங்கள் நிலத்துக்குப் பொருந்தக்கூடியவை. விடை நூறு மடங்கு மாறுகிறது.

25 கிலோ உப்பை முதல் பாதையில் கலந்தால் லிட்டருக்குச் சராசரி 177 மில்லிகிராம் கூடும், மின்கடத்துதிறன் சுமார் 350 ஏறும். பாதி உப்பு வேறு பக்கம் போனாலும் 175 ஏறும். ஒரு போரில் நாளுக்கு நாள் தானாகவே 30, 50 ஏறி இறங்குவது உண்டு. அதற்கு மேலே 175 தெளிவாகத் தெரியும். இரண்டாவது பாதையில் அதே 25 கிலோ லிட்டருக்கு 2 மில்லிகிராம்கூட ஆகாது. எந்த மீட்டரும் காட்டாது. ஆக, உப்புச் சோதனை "விரைவான வெடிப்புப் பாதை உண்டா" என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். மெதுவான பாதையைப் பற்றி அது வாயே திறக்காது. "வரவில்லை என்றால் இல்லை என்று ஆகாது" என்று முதலில் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

செய்முறை இப்படி. தை மாதம் நல்ல காலம், மழை நின்றிருக்கும், போர்களில் மட்டம் இன்னும் இருக்கும். ஒரு வாரம் முன்பிருந்தே மூன்று போரிலும் தினமும் அளந்து எழுதுங்கள், இது இல்லாமல் பின்னால் வரும் எந்த ஏற்றத்தையும் நம்ப முடியாது. அவர் மோட்டார் போட்டவுடன் வருவது போருக்குள் தேங்கிய தண்ணீர். 400 அடி தண்ணீர் நிற்கும் போரில் அது 2,600 லிட்டர், வினாடிக்கு ஒரு லிட்டரில் முக்கால் மணி நேரம். அதனால் 45 நிமிடம் கழித்தே பிடியுங்கள், தினமும் அதே நேரக் கணக்கில். உப்பை 1,000 லிட்டர் தொட்டியில் முழுமையாகக் கரையுங்கள். 200 லிட்டர் டிரம்மில் கெட்டியாகக் கரைத்து ஊற்றினால் அந்தக் கரைசல் கனமாகி நேரே அடிக்கு, 600 அடிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊத்து 350 அடியில் இருக்க, உப்பு அடியில் தேங்கினால் மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கசியும், அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. இந்தச் சோதனை கெட்டுப்போவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். ஒரு அங்குலக் கறுப்பு ஹோஸை எடை கட்டி ஊத்து ஆழத்துக்கு இறக்கி, அதன் வழியாகக் கரைசலை விட்டு, பின்னாலேயே 6,000 லிட்டர் நல்ல தண்ணீரை விட்டு அதை வெடிப்புக்குள் தள்ளிவிடுங்கள். தள்ளும் தண்ணீரும் அதே ஹோஸில் போகட்டும், மேலிருந்து கொட்டினால் கரைசல் கலங்கிப் போர் முழுக்கப் பரவிவிடும். அதற்குப் பிறகு உங்கள் மோட்டாரைத் தொடவே கூடாது. ஒரு தடவை ஓட்டினாலும் போட்ட உப்பு உங்கள் பக்கமே திரும்பி வந்துவிடும்.

முதல் இரண்டு நாள், அவர் மோட்டார் ஓடும் நேரமெல்லாம் மணிக்கொரு முறை அளங்கள். கணக்கில் ஆறு நாள் என்று வந்தாலும், பாறையில் தண்ணீர் தளம் முழுக்கப் பரவிப் போவதில்லை, ஒன்றிரண்டு வாய்க்கால் மாதிரியான தடங்களில் ஓடும். முதல் உப்பு ஒரே நாளில்கூட வந்துவிடலாம். பிறகு ஒரு வாரம் காலை மாலை, ஒரு மாதம் தினமும், அதற்குப் பின் மூன்று மாதம் வாரம் ஒரு முறை. மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வந்தது, மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் தினமும் எழுத வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு எத்தனை பங்கு என்ற கணக்கே போட முடியாமல் போகிறது.

அந்தக் கணக்குக்கு ஒரு மாதிரி. எட்டு நாளில் வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்த உப்பு லிட்டருக்கு 40, 120, 200, 150, 90, 50, 30, 20 மில்லிகிராம் என்று வைப்போம். கூடுதல் 80 மைக்ரோசீமன்ஸ் என்றால் ஏறத்தாழ 40 மில்லிகிராம், இரண்டால் வகுத்தால் போதும். மொத்தம் 700. நாளுக்கு 21.6 கனமீட்டரால் பெருக்கினால் 15,120 கிராம். போட்ட 25 கிலோவில் 60 சதவீதம். இதை "என் தண்ணீரில் 60 சதவீதம் அவர் எடுத்துக்கொள்கிறார்" என்று படித்துவிடாதீர்கள். அவர் தினம் ஆறு மணி நேரம் ஓட்டி இழுத்தபோது, அந்த எட்டு நாளில், அந்த வெடிப்பு வழியாக வந்த பங்கு அது. ஐப்பசி மழையில் அவர் மோட்டாரே போடாத நாட்களில் தண்ணீர் நிலத்தின் சரிவுப்படி வேறு திசையில் போகலாம். பூமிவெப்பத் தளத்திலும் இதே எச்சரிக்கையோடுதான் கணக்கைப் படிப்பார்கள். கிணறுகளின் ஓட்டத்தை மாற்றினால் சோதனையைத் திரும்பச் செய்வார்கள். தினசரி எண்களை வரைபடமாகப் போட்டால், கோடு ஏறியது போல இறங்காமல் வால் நீண்டு போவதையும் பார்ப்பீர்கள். வெடிப்பின் ஓரத்தில் உள்ள சிதைந்த பாறைக்குள் உப்பு ஊறி மெதுவாகத் திரும்பி வருவதுதான் காரணம். அதனால் எட்டாம் நாளோடு நிறுத்தினால் மொத்தத்தைக் குறைத்து மதிப்பிடுவீர்கள்.

25 கிலோ உப்பால் பயிருக்கோ ஆளுக்கோ கெடுதல் வருமா? மேலே போட்ட கணக்கின்படி அவர் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 100 மில்லிகிராமைச் சுற்றிக் கூடும், அதுவும் சில நாட்களுக்கு. குடிநீர் விதியான ஐ.எஸ். 10500-ல் குளோரைடுக்கு 250 விரும்பத்தக்கது, வேறு தண்ணீர் இல்லாதபோது 1,000 வரை அனுமதி. அவர் தண்ணீரில் ஏற்கனவே குளோரைடு எவ்வளவு என்று குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பார்த்துவிட்டுப் போடுங்கள். 150 இருந்தால் பயமில்லை, 800 இருந்தால் உப்பை விட்டுவிடுங்கள், தவிர அந்த உப்புத் தண்ணீரில் 350 ஏற்றம் அவ்வளவு தெளிவாகவும் தெரியாது. உங்கள் போரில் மட்டும் உப்பு சில மாதம் தங்கும்.

உப்புப் போட முடியாத இடத்தில்தான் சாயம் வருகிறது. கடையில் விற்கும் சாயப்பொடி, சுங்குடிக்குப் போடும் சாயம், ஹோலிப் பொடி எதுவும் வேண்டாம். நூலில் ஒட்டுவதற்காகச் செய்த சாயம் களிமண்ணிலும் சிதைந்த பாறையிலும் அதே மாதிரி ஒட்டிக்கொள்ளும், 150 மீட்டர் தாண்டாது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தடை செய்யக் காரணமான ரோடமின்-பி இந்த வகைதான், ஒட்டவும் செய்யும், விஷமும்கூட. போட வேண்டியது ஃப்ளூரசின் சோடியம். மதுரைக் கண் ஆஸ்பத்திரிகளில் விழித்திரையைப் படம் எடுப்பதற்கு முன் கை நரம்பில் ஏற்றும் மஞ்சள் மருந்து இதுதான், வழக்கமான அளவு 500 மில்லிகிராம். 1877-ல் ஜெர்மனியில் டான்யூப் நதித் தண்ணீர் இமெண்டிங்கன் அருகே தரைக்குள் மறைந்து எங்கே போகிறது என்று பார்க்க 10 கிலோ ஃப்ளூரசினும் 20 டன் உப்பும் போட்டார்கள். சுமார் 60 மணி நேரத்தில் 12 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஆக் ஊற்று பச்சையாக ஓடியது. அது சுண்ணாம்புக்கல் குகை, நம் பாறையில் அந்த வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது.

உங்களுக்கு 2 கிராம் போதும். வெடிப்புப் பாதையில் நூறு கோடியில் 14 பங்கு வரும், கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும் தெரியலாம், இருட்டில் நீல வெளிச்ச டார்ச்சில் தெரியும். மெதுவான பாதையில் 0.14 பங்கு, அதற்குச் சாயத்தின் ஒளிர்வை அளக்கும் ஃப்ளோரோமீட்டர் வேண்டும், பல்கலைக்கழக வேதியியல் துறைகளில் கேட்டுப் பாருங்கள். பொட்டலத்தைப் பிரித்தவர் சாம்பிள் பிடிக்கக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஒரு மில்லிகிராம் பொடி ஆயிரம் லிட்டர் தண்ணீரை நூறு கோடியில் ஒரு பங்குக்குக் கொண்டுபோய்விடும். சட்டைக் கையில் ஒட்டிய தூசு போதும், இல்லாத தொடர்பு இருப்பதாகத் தெரியும். வீட்டிலேயே கரைசலாக்கி மூடிய பாட்டிலில் கொண்டுபோங்கள். வெயில் பட்டால் சில மணி நேரத்தில் நிறம் போய்விடும் என்பதால் பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து இருட்டில் வையுங்கள். பிளீச்சிங் பவுடரும் சாயத்தை அழித்துவிடும், எனவே சோதனை முடியும் வரை இரண்டு போரிலும் குளோரின் போடக் கூடாது. லாரி, கார் ரேடியேட்டரில் ஊற்றும் பச்சைக் கூலன்டிலும் இதே சாயம் இருப்பதுண்டு. பக்கத்தில் ஒர்க்‌ஷாப் இருந்தால் முன்கூட்டிய ஒரு வார சாம்பிள் இன்னும் முக்கியம்.

மாதக்கணக்கில் பாட்டில் பிடிக்க முடியாவிட்டால் ஒரு வழி உண்டு. தேங்காய்ச் சிரட்டையில் செய்த ஆக்டிவேட்டட் கார்பன், வாட்டர் ஃபில்டர் கடையில் கிடைக்கும், அடுப்புக்கரி உதவாது. இரண்டு ஸ்பூன் கொசுவலைத் துணியில் கட்டி, அவர் போர்த் தண்ணீர் விழும் தொட்டியில் நிழலான இடத்தில், தண்ணீர் ஓடிக்கொண்டே படும்படி தொங்கவிடுங்கள். வாரம் ஒரு முறை மாற்றுங்கள். எடுத்த கரியைக் கழுவி, 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 5 சதவீதம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த கரைசலை ஊற்றி, அசைக்காமல் வைத்தால், சாயம் இருந்தால் கரிக்கு மேலே மெல்லிய பச்சை ஒளிப்படலம் தெரியும். அந்தக் கரைசல் கையை அரிக்கும், கையுறை வேண்டும், ஒரு கல்லூரி ஆய்வகத்தில் செய்வதே நல்லது. இது "வந்தது, வரவில்லை" என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது.

பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் எடுக்கும் போர் அரைக் கிலோமீட்டருக்குள் இருந்தால், உப்போ சாயமோ, பஞ்சாயத்தில் எழுத்தில் சொல்லிச் சம்மதம் வாங்காமல் எதையும் போடாதீர்கள். ஊரில் குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீர் வந்தால் பிறகு என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது. புரோமைடு போடலாம் என்று சிலர் சொல்வார்கள், நல்ல ட்ரேசர்தான், ஆனால் அதே நிலத்தடி நீரைக் கேன் தண்ணீர் கம்பெனி எடுத்து ஓசோன் விட்டால் புரோமேட் உருவாகும், அது உடலுக்கு ஆகாது. டிரிடியத்தை மண்ணுக்குள் செலுத்தி மழை எவ்வளவு இறங்குகிறது என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் (என்.ஜி.ஆர்.ஐ.) பல இடங்களில் அளந்திருக்கிறது. கதிரியக்கப் பொருள் என்பதால் தனியார் தொடக்கூடிய விஷயம் இல்லை. அவர் போருக்கு வருவது உங்கள் தண்ணீரா, கண்மாய்த் தண்ணீரா என்ற சந்தேகம் இருந்தால், தண்ணீரில் இயற்கையாகவே சிறிது இருக்கும் கனமான ஆக்சிஜனையும் (ஆக்சிஜன்-18) கனமான ஹைட்ரஜனையும் (டியூட்டீரியம்) அளக்கும் சோதனை உதவும். கண்மாயில் வெயிலில் காய்ந்த தண்ணீரில் கனமான அணுக்களின் விகிதம் கூடிவிடும், பெய்த உடன் ஓடையிலிருந்து உள்ளே போன மழைத்தண்ணீரில் அந்த அடையாளம் இருக்காது. ரூர்க்கியில் உள்ள தேசிய நீரியல் நிறுவனம் போன்ற இடங்களில் இதற்கு ஆய்வகம் இருக்கிறது. ஓடையே கண்மாய்க் கலுங்கிலிருந்து வருவதாக இருந்தால் இந்த வித்தியாசம் மங்கிவிடும்.

முதலில் லாரித் தண்ணீர் விட்டு மட்டம் இறங்கும் நேரத்தை அளங்கள். அதோடு அவர் மோட்டார் வினாடிக்கு எத்தனை லிட்டர் தருகிறது என்று ஒரு 200 லிட்டர் டிரம்மும் கைக்கடிகாரமும் வைத்துப் பாருங்கள். அவர் போரில் எத்தனை அடியில் ஊத்து என்பதை ரிக் ரசீதிலோ ஞாபகத்திலோ கேட்டு வாங்குங்கள். இந்த மூன்றோடு, இரண்டு போரின் டி.டி.எஸ். எண்ணையும் இங்கே எழுதினால், 25 கிலோ என்ற அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமா என்று சொல்கிறேன்.